தராசின் தாழ்ந்த தட்டு

ஒருவர் தம் வாழ்நாளில் ஆற்றிய பணிகளுள் எது பெரிது என்பதைப் பின்வந்தோரே முடிவு செய்வர். ஆற்றியவரே எடைபோட்டுச் சொல்வது அரிது. அவ்வாறு சொன்ன ஒருவர் வங்கத் திரைக்கலைஞர் ரித்விக் கட்டக். தாம் படைத்த பிறவற்றையெல்லாம் ஒரு தட்டிலும், புனே திரைப்படக் கல்லூரியில் மாணவர்க்குக் கற்பித்த பணியை மறுதட்டிலும் வைத்தால், கற்பித்த பணியின் தட்டே தாழும் என்று அவர் பின்னாளில் கருதினார். அப்பணியில் அவர் இருந்ததோ 1965, 1966 ஆகிய ஆண்டுகளை ஒட்டிய குறுகிய காலமே. இந்தியத் திரைக்கலையின் தலையாய ஆக்கங்களுள் சிலவற்றைத் தந்தவர் ஏன் இவ்வாறு எடைபோட்டார்? மூத்தோர் இளையோர்க்கு எழுத்தின் நுட்பம் உணர்த்தும் வட்டமொன்று பத்தாண்டு நிறைவு காணும் இவ்வேளையில், இவ்வினா நமக்கும் உரியதாகிறது. அவ்விடையைத் தேடி அவருடைய வாழ்வைச் சற்று நோக்குவோம்.

பத்மைக் கரையில் தொடங்கிய வாழ்வு

ரித்விக் கட்டக் 1925ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் டாக்காவில் பிறந்தார். தந்தையார் சுரேஷ் சந்திர கட்டக் மாவட்ட மாஜிஸ்திரேட்டாய் உயர்பதவி வகித்தவர். கவிதையும் நாடகமும் எழுதியவர். தாயார் இந்துபாலா தேவி. மூத்த தமையனார் மனீஷ் கட்டக் வங்கத்தின் கல்லோல் இயக்கத்தைச் சார்ந்த எழுத்தாளராகவும் கவிஞராகவும் விளங்கினார். அம்மனீஷின் மகளே தமிழ் வாசகரும் நன்கறிந்த மகாஸ்வேதா தேவி. சிற்றப்பாவான ரித்விக் அண்ணன் மகளைவிடச் சில வாரங்களே மூத்தவர் என்பது சுவையான செய்தி. பிறப்பினாலேயே எழுத்தின் நடுவே வளர்ந்தவர் அவர் எனலாம்.

இளமைக் காலத்தின் ஒரு பகுதி பத்மை நதிக்கரையிலுள்ள ராஜ்ஷாஹியில் கழிந்தது. அகன்ற நதியும், படகோட்டிகளின் பாட்டும், கிழக்கு வங்கத்தின் பசுமையும் அவருடைய நெஞ்சில் ஆழப் பதிந்தன. 1943ஆம் ஆண்டின் கொடும் பஞ்சமும், 1947ஆம் ஆண்டின் நாட்டுப் பிரிவினையும் அந்த உலகைச் சிதைத்தன. ஏதிலிகளாய்க் கல்கத்தா வந்து குவிந்த மக்களிடையே தாமும் ஒருவராய் நின்ற அவர், அப்பிரிவினையை வாழ்நாள் முழுதும் ஆறாத புண்ணாகச் சுமந்தார். அவருடைய படங்களிலெல்லாம் பிரிந்த வீடும், பிரிந்த உடன்பிறப்பும், கடக்கவியலாத நதியும் திரும்பத் திரும்ப வருவது இதனாலேயே.

1948இல் பெர்ஹாம்பூர் கிருஷ்ணநாத் கல்லூரியில் பட்டம் பெற்றார். கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கிய முதுகலை பயிலத் தொடங்கி, முடிக்காமலே விட்டார். பட்டத்தை உதறியவர் பின்னாளில் ஆசிரியப் பணியைத் தம் பெரும்பேறாகக் கருதியது எண்ணத்தக்கது.

ஊடகம் மாறிய வரலாறு

முதலில் அவர் சிறுகதை எழுதினார். கதை படிப்போர் சிலரே என்று கண்டதும் நாடகத்திற்கு வந்தார். இந்திய மக்கள் நாடக மன்றத்தில் எழுத்தாளராகவும் நடிகராகவும் இயக்குநராகவும் உழைத்தார். பிரிவினையைப் பொருளாகக் கொண்ட அவருடைய தலில் என்னும் நாடகம் பாராட்டுப் பெற்றது. பிரெக்டின் நாடகங்களை வங்க மொழியில் பெயர்த்ததும் குறிப்பிடத்தக்கது. நாடகத்தை ஓர் இரவில் சில நூறு பேரே காண்பர். திரைப்படத்தையோ ஒரே வேளையில் இலட்சக்கணக்கானோர் காண்பர். அந்த எண்ணிக்கையே அவரைத் திரைக்கு ஈர்த்தது. திரைப்படத்தின்மேல் தமக்குத் தனிக் காதல் ஏதுமில்லை என்றும், மக்களை இதனினும் விரைந்து சென்றடையும் சாதனம் நாளை தோன்றுமாயின் இதனை விட்டு அதன்பின் செல்லத் தயங்கேன் என்றும் அவர் வெளிப்படையாக அறிவித்தவர்.

1950இல் வெளிவந்த சின்னமூல் என்னும் படத்தில் அவர் நடித்தார். உதவி இயக்குநராகவும் பணியாற்றினார். அப்படத்தை இயக்கியவர் நிமாய் கோஷ். அந்நிமாய் கோஷே பின்னர்ச் சென்னைக்கு வந்து தங்கி, 1960இல் பாதை தெரியுது பார் என்னும் தமிழ்ப்படத்தை இயக்கினார். கட்டக்கின் திரைவாழ்வு தொடங்கிய களரியிலிருந்து ஒரு கிளை தமிழகத்தை நோக்கி அப்போதே நீண்டுவிட்டது.

கட்டக்கின் முதற்படமான நாகரிக் 1952இல் முடிந்தும் திரையிடப்படவில்லை. பிமல் ராயின் மதுமதி உள்ளிட்ட இந்திப் படங்களுக்குக் கதை எழுதிப் பொருளீட்டும் வாய்ப்பு அமைந்தபோதும், பம்பாயில் அவர் நிலைக்கவில்லை. 1955இல் பொதுவுடைமைக் கட்சியிலிருந்தும் நீக்கப்பட்டார். அவ்வாண்டே சுரமா தேவியை மணந்தார். 1958இல் அஜாந்த்ரிக், 1960இல் மேகே தாகா தாரா, 1961இல் கோமள் காந்தார் என வரிசையாகப் படங்கள் வந்தன. ஓட்டுநர் ஒருவன் தன் பழைய மோட்டார் வண்டிமேல் கொண்ட பாசத்தைச் சொல்வது அஜாந்த்ரிக். ஏதிலிக் குடும்பமொன்றைத் தன் தோளில் தாங்கித் தானே தேய்ந்தழியும் நீதா என்னும் பெண்ணின் கதை மேகே தாகா தாரா. இவற்றுள் மேகே தாகா தாரா ஒன்றே வணிக வெற்றி கண்டது. கோமள் காந்தாரின் தோல்வி அவரை நிலைகுலையச் செய்தது. 1962இல் எடுத்த சுபர்ணரேகா 1965இல்தான் வெளியாயிற்று. பொருள் முடக்க முன்வருவார் அருகினர்; மதுப்பழக்கம் பெருகியது. இந்நிலையில்தான் புனேயிலிருந்து அழைப்பு வந்தது.

மாமரத்து வகுப்பு

இந்திய அரசு 1960இல் புனேயில் திரைப்படக் கல்லூரியை நிறுவியது. சந்த் துக்காராம் போன்ற படங்களை ஈன்ற பிரபாத் படநிலையத்தின் வளாகமே கல்லூரியாயிற்று. நாட்டில் திரைக்கலையை முறையாகப் பயிற்றுவிக்கும் முயற்சி அப்போதுதான் தளிர்விட்டிருந்தது. முதல்வராக ஜகத் முராரி இருந்தார். திரைச்சுவை கற்பித்தவர் சதீஷ் பகதூர். 1964இல் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகமும் அந்நகரிலேயே தோன்றியதால், உலகப் படங்களைக் காணும் வாய்ப்பும் மாணவர்க்குக் கிட்டியது. அங்கு வருகைதரு ஆசிரியராகச் சேர்ந்த கட்டக், பின்னர்த் துணைமுதல்வரானார்.

கல்லூரி வளாகத்தில் ஒரு மாமரம் உண்டு. அறிவு மரம் என்று மாணவர் அதனை வழங்குவர். அதன் நிழலில் கட்டக் அமர்ந்து உரையாடியதாகத் தலைமுறை தலைமுறையாய்ச் சொல்லப்பட்டு வருகிறது. வகுப்பறையின் மணிக்கணக்கு அவரைக் கட்டுப்படுத்தவில்லை என்பதே அந்நினைவுகளின் சாரம். நம்மவர் திண்ணைப் பள்ளியையும் மரத்தடிப் பாடத்தையும் நன்கறிவர். கற்றல் என்பது உடனிருத்தலே என்னும் நெறி அங்கேயும் நிலவியது எனலாம்.

அவர் கற்பித்த முறையை அவருடைய கட்டுரைகளிலிருந்தும் மாணவர்தம் நினைவுகளிலிருந்தும் ஒருவாறு தொகுத்துரைக்கலாம்.

முதலாவது, கருவியைக் கற்பிக்கு முன் காலத்தைக் கற்பித்தார். ஒளிப்பதிவுக் கருவியை இயக்குதல் எவரும் பயிலக்கூடியது. எதற்காக அதனைத் திருப்புகிறோம் என்பதே ஆழ்ந்த வினா. ஆதலால் இராமாயண பாரதங்களையும், உபநிடதங்களையும், தாகூரையும், நாட்டார் பாடல்களையும், யுங் என்னும் உளவியலறிஞரின் தொல்படிமக் கொள்கையையும் திரைப்பாடத்தோடு இணைத்தார். தாய் என்னும் தொல்படிமம் காக்கும் கடவுளாகவும் அழிக்கும் காளியாகவும் ஒரே மக்களின் நெஞ்சில் எவ்வாறு உறைகிறது என்பது அவர் படங்களிலும் எழுத்திலும் தொடர்ந்து வரும் பொருள். தொன்மங்கள் இன்றைய ஏதிலிப் பெண்ணின் வாழ்விலும் உயிரோடிருக்கின்றன என்பதை உணராதவர் இந்நாட்டில் படமெடுக்க இயலாது என்பது அவர் துணிபு.

இரண்டாவது, காதைப் பயிற்றினார். திரைப்படத்தைக் கட்புலக் கலையாக மட்டும் கருதுவோர் பலர். அவரோ ஒலியை ஐந்து கூறாகப் பிரித்து ஆராய்ந்தவர். பேச்சு, இசை, காட்சியோடு இயல்பாய் எழும் ஓசை, பொருளுணர்த்துவதற்கென்று சேர்க்கும் ஓசை, அமைதி என்பன அவை. அமைதியையும் ஓர் ஒலியாக எண்ணியது கவிஞர் கருதத்தக்கது. மேகே தாகா தாராவில், தன் காதலன் தன் தங்கையின்பால் சாய்ந்துவிட்டதை அறிந்து நீதா படியிறங்கி வருகிறாள். அப்போது சாட்டையடி ஓசை கேட்கிறது. காட்சியில் சாட்டையும் இல்லை, அடிப்பவரும் இல்லை. ஆயினும் அவள் நெஞ்சில் விழும் அடியைப் பார்ப்பவர் தம் முதுகில் உணர்கின்றனர். கவிதையில் உள்ளுறை செய்யும் பணியை இங்கு ஓசை செய்கிறது. அப்படத்திற்கு இசையமைத்தவர் ஜோதிரிந்திர மைத்ரா என்னும் கவிஞரே என்பதையும் நினைவிற்கொள்ளலாம்.

மூன்றாவது, தம் தோல்விகளையும் மறைக்கவில்லை. தம் படங்களையே எடுத்துக்காட்டாகக் கொண்டு பேசினார். நூலறிவை நிரல்படச் சொல்லும் ஆசிரியரிடம் கிடைப்பது செய்தி. செய்து பார்த்துத் தோற்றவரிடம் கிடைப்பதோ துணிவு. வணிகர் கைவிட்ட படங்களின் இயக்குநர், இனி வரவிருக்கும் இயக்குநர்களின் முன் நின்று பேசியபோது, வெற்றியின் வழியைக் காட்ட அவரிடம் ஒன்றுமில்லை. பொய்யின்றிப் படைப்பதற்கு என்ன விலை தரவேண்டியிருக்கும் என்பதைக் காட்ட அவரிடம் எல்லாம் இருந்தன.

நான்காவது, கூடிச் செய்து கற்பித்தார். பியர் என்னும் குறும்படத்தை மாணவர்க்காகத் தாமே இயக்கினார். ராந்தேவூ என்னும் மாணவர் படத்தை உடனிருந்து வழிநடத்தினார்.

ஒருவரைப் போல் ஒருவர் இல்லை

ஆசிரியரின் பெருமை மாணவரிடம் விளங்கும் என்பர். கட்டக்கின் மாணவர்களை நோக்குமிடத்து வியப்பே மிகுகிறது. அவருடைய படங்கள் உணர்ச்சிப் பெருக்கு நிறைந்தவை. அழுகையும் பாட்டும் உச்சக்குரலும் அவற்றின் இயல்பு. மாணவர்களின் படங்களோ வேறு.

மணி கவுல் 1969இல் எடுத்த உஸ்கி ரோட்டி, அசைவும் பேச்சும் குறைந்த, அடங்கிய படம். ஆசானின் உணர்ச்சிப் பெருக்கிலிருந்து அது நெடுந்தொலைவில் நிற்பது. பின்னர் இந்திக் கவிஞர் முக்திபோத்தின் எழுத்துகளைத் திரையில் ஆராய்ந்தார். துருபத் இசையைப் பயின்று அதனையே படமாக்கினார். குமார் சஹானி, காவியம் என்னும் வடிவின் நுட்பத்தைக் கட்டக்கிடம் கற்றதாகக் காலமெல்லாம் நன்றியோடு கூறிவந்தவர். ஆயினும் 1972இல் அவரெடுத்த மாயா தர்ப்பண் வண்ணங்களாலும் தாளத்தாலும் அமைந்த தனித்ததொரு படைப்பு. தம் பயிற்சியின் நிறைவுக் காலத்தில் கட்டக்கிடம் பாடம் கேட்டவர் அடூர் கோபாலகிருஷ்ணன். கேரள வாழ்வை நிதானமாகச் செதுக்கும் அவருடைய 1972ஆம் ஆண்டின் சுயம்வரம் மற்றொரு திசையில் நிற்பது. ஒருவர் நடை மற்றவரிடம் இல்லை. ஆசானின் நடை ஒருவரிடமும் இல்லை.

தம் நடையைக் கற்பிக்கும் ஆசிரியருக்கு நிழல்கள் மிகும். தம் தேடலைக் கற்பிக்கும் ஆசிரியருக்கு மனிதர் கிடைப்பர். பட்டறையில் ஒரே குரலில் எழுதும் பத்துப் பேரை உருவாக்குவது எளிது. பத்துக் குரல்களுக்கு இடந்தந்து, அவை தம்மை மறுத்து ஒலிக்கும்போதும் மகிழ்வது கடினம். கட்டக் அக்கடினத்தை ஆற்றியவர்.

தமிழுக்கு வந்த கொடை

கட்டக்கின் மாணவருள் ஜான் ஆபிரகாம் நமக்கு மிக அணுக்கமானவர். மலையாள நாட்டினரான இவர் 1977இல் எடுத்த அக்கிரகாரத்தில் கழுதை தமிழ்ப்படமாகும். அதற்குத் திரைக்கதை எழுதியவர் நம் விமரிசகர் வெங்கட் சாமிநாதன். பேராசிரியராக நடித்தவரும் இசையமைத்தவரும் எம்.பி. சீனிவாசன். நிமாய் கோஷின் பாதை தெரியுது பார் படத்திற்கு இசையமைத்தவரும் இவரே. கல்கத்தாவில் தொடங்கிய ஒரு கிளையும் புனேயில் தளிர்த்த மற்றொரு கிளையும் சென்னையில் ஒரே இசைவாணரிடம் வந்து கூடியமை எண்ணி மகிழத்தக்கது.

தாயிழந்த கழுதைக்குட்டி ஒன்றுக்குப் பேராசிரியர் ஒருவர் அடைக்கலம் தருகிறார். கல்லூரி நகைக்கிறது, ஊர் வெகுள்கிறது. வாயில்லாப் பெண் ஒருத்தியே அதனைப் பேணுகிறாள். ஊரார் அதனைக் கொல்கின்றனர். பின்னர் அதனையே தொழ முற்படுகின்றனர். உயிரோடு இருப்பதைக் கொன்று, இறந்தபின் கோயில் கட்டும் சமூகத்தை எள்ளிய அப்படம், சிறந்த தமிழ்ப்படத்திற்கான தேசிய விருது பெற்றது. வாழ்நாளில் ஓரங்கட்டப்பட்டு மறைந்தபின் போற்றப்பட்ட ஆசானின் கதையும் அதனுள் மறைந்திருப்பதாக எனக்குத் தோன்றுவதுண்டு.

1986இல் ஜான் ஆபிரகாம் எடுத்த அம்ம அறியான் மற்றொரு சாதனை. ஒடேசா என்னும் மக்கள் குழு ஊர் ஊராகச் சென்று மக்களிடம் திரட்டிய பணத்தில் அப்படம் உருவாயிற்று. மக்களை நாடிச் செல்லும் சாதனம் என்று கட்டக் கனவு கண்டதை மாணவர் செய்து காட்டினார்.

நஞ்சும் கண்டமும்

இனி ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். புனேயிலிருந்து கல்கத்தா மீண்ட கட்டக்கின் உடலும் உள்ளமும் சிதைந்தன. 1969இல் மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அங்கும் ஓய்ந்திராமல் உடனிருந்த நோயாளிகளைக் கொண்டே நாடகம் நிகழ்த்தினார் என்பது அவருடைய ஆசிரிய உள்ளத்திற்குச் சான்று. 1970இல் பத்மஸ்ரீ விருது வந்தது. வங்கதேசம் விடுதலை பெற்றபின் அங்குச் சென்று, 1973இல் தித்தாஸ் ஏக்டி நதீர் நாம் என்னும் பெரும்படத்தை முடித்தார். அதற்குள் காசநோய் அவரை வீழ்த்தியது. 1974இல் ஜுக்தி தக்கோ ஆர் கப்போ என்னும் இறுதிப் படத்தில் குடியால் சீரழிந்த அறிவாளியாகத் தாமே நடித்தார். அப்பாத்திரத்திற்கு அவரிட்ட பெயர் நீலகண்டன். 1976ஆம் ஆண்டு பிப்ரவரி 6ஆம் நாள், 50 வயதில் மறைந்தார். முதற்படமான நாகரிக் அடுத்த ஆண்டே திரைகண்டது.

குடும்பத்தைத் தாங்கித் தேய்ந்த நீதாவைத் திரையில் படைத்து நம்மை அழச்செய்தவர், தம் இல்லத்துச் சுமையை மனைவியின் தோளில் இறக்கி வைத்தார். சுரமா தேவி ஆசிரியப்பணி ஏற்று மூன்று குழந்தைகளை வளர்த்தார். அந்த ஆசிரியைக்கு மரத்தடிக் கதைகள் இல்லை. மாணவர் ஜான் ஆபிரகாமும் மதுவை விடாதவராய், 1987ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் கோழிக்கோட்டில் மாடியிலிருந்து தவறி விழுந்து மறைந்தார். ஆசானிடமிருந்தே அப்பழக்கம் வந்தது என்றுரைப்பது நியாயமாகாது. எனினும், சிதைவையே கலைஞனின் இலக்கணமாகப் போற்றும் ஒரு மயக்கம் எழுத்துலகிலும் திரையுலகிலும் உண்டு. அம்மயக்கத்திற்குக் கட்டக்கின் பெயரும் பலமுறை பயன்பட்டுள்ளது. இளங்கவிஞர் சிலர் படைப்புக்கு முன் சிதைவைக் கற்றுக்கொள்வதை நாமும் கண்டு வருந்தியிருக்கிறோம்.

ஆலகாலத்தை உண்ட இறைவன் அதனைக் கண்டத்தில் நிறுத்தினான். அடியார்க்கு அதனைப் பகிர்ந்தளிக்கவில்லை. நீலகண்டன் என்னும் பெயரின் பொருள் அதுவே. கட்டக்கின் மாணவருள் நெடிது வாழ்ந்து பணியாற்றியோர், ஆசான் உண்ட நஞ்சை விடுத்து அவர் தந்த அமுதை மட்டும் கொண்டனர். மணி கவுல் 2011 வரையிலும், குமார் சஹானி 2024 வரையிலும் வாழ்ந்து தம் தேடலைத் தொடர்ந்தமை இதற்குச் சான்றாகும்.

எடையின் பொருள்

தொடக்கத்தில் எழுந்த வினாவிற்கு மீள்வோம். கட்டக் கதையை விட்டு நாடகத்திற்கும், நாடகத்தை விட்டுத் திரைக்கும் சென்றது மக்களைச் சேரும் ஊடகத்தைத் தேடியே. திரைப்படமும் அவருக்குத் துணைசெய்யவில்லை. பெட்டிக்குள் அடைக்கலாம், கொட்டகை மறுக்கலாம், காலங்கடத்தி வெளியிடலாம். மாணவரை அவ்வாறு அடைக்க இயலவில்லை. அவர்கள் புனேயிலிருந்து கேரளத்திற்கும், பம்பாய்க்கும், தமிழ்நாட்டு அக்கிரகாரத்திற்கும் சென்றனர். கதை, நாடகம், திரை என்ற வரிசையில் அவர் கண்டடைந்த நான்காவது ஊடகம் மாணவரே. தட்டுத் தாழ்ந்ததன் காரணம் இதுவென்று கொள்ளலாம்.

நம் வட்டத்தின் பத்தாண்டுக் கணக்கைப் பார்க்குங்கால், வெளியிட்ட நூல்களையும் நடத்திய கூட்டங்களையும் எண்ணுவது இயல்பு. நம்மிடம் வந்து, நம்மை மறுத்து, தம் குரலில் எழுதத் தொடங்கிய இளையோர் எத்தனை பேர் என்பதையும் மறுதட்டில் வைத்துப் பார்ப்போமாக.